வண்டுவின் இடது கை

கைமறதிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் ஓவியக்காரி இன்னும் நாலு இடத்தில் மறந்து தொலைத்திருப்பாள்.

விஷயம் இதுதான். வண்டு என்று ஒரு பாடகன். சின்ன வயதில் எந்நேரமும் வாய்க்குள்ளேயே ரீங்காரம் போட்டுக்கொண்டு திரிந்ததால் அவன் அம்மா வைத்த பட்டப்பெயர் அது. பிறகு சுவரொட்டி வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் அவனுடைய கார் லாரியில் மோதியது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முன்பற்கள் போயின, தாடையில் தையல் போட்டார்கள். அவன் படுக்கையில் கிடந்த அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரர்கள் அவனுடைய புதுப் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார்கள். அதன் அட்டைக்கும் உள்ளே வைக்கிற சின்னப் புத்தகத்துக்கும் படம் வரைந்தவள் நம் ஓவியக்காரி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி அவளை அவசரப்படுத்தினார்கள்.

வண்டு திரும்பி வந்தபோது புதுப் பல், புதுத் தாடி, கொஞ்சம் கரகரத்த குரல். அவன் பிழைத்துக்கொண்டதுதான் சில பேருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டான். உண்மையான வண்டு விபத்திலேயே செத்துவிட்டானாம். இப்போது பாடுகிறவன் கம்பெனி பிடித்து வந்த வேறு ஆளாம். வாயைத் திறக்க முடியாத ஓவியக்காரி, மனசாட்சி உறுத்தி, அவன் சாவைப் படங்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாளாம்.

அவ்வளவுதான். ஊரே பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டது.

வண்டு வலது கையால் கிட்டார் வாசிப்பவன். படத்தில் இடது கையால் வாசிக்கிறான், ஆகவே அது வேறு ஆள். சுவர்க் கடிகாரத்துக்கு முள் இல்லை, ஆகவே அவன் நேரம் முடிந்துவிட்டது. அறையில் நாற்காலிக்கு நிழல் இருக்கிறது, மேஜைக்கு நிழல் இருக்கிறது, வண்டுவுக்கு மட்டும் இல்லை. ஜன்னலில் ஒரு காக்கா அவனையே வெறித்துப் பார்க்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உண்மை என்ன என்று கேட்டால் சிரிப்பு வரும், அழுகையும் வரும். ஓவியக்காரியின் மேஜை சுவரைப் பார்த்துப் போட்டது. பக்கத்தில் அலமாரிக் கண்ணாடி. ஆள் யாராவது நின்று காட்ட வேண்டும் என்றால் அவள் கணவர் பின்னால் வந்து நிற்பார். அவள் திரும்பாமல் கண்ணாடியில் பார்த்தே வரைவாள். அன்றைக்கும் அவர் துடைப்பத்தைக் கிட்டார் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும். வரைந்து முடித்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றி, படத்தைத் திருப்பிப் போட்டுவிடுவது அவள் வழக்கம். அன்று மறந்தாள். கடிகார முள்ளைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள், அதையும் மறந்தாள். வண்டுவின் நிழல் சரியாக விழவில்லை என்று அதை மட்டும் மறைத்து வைத்திருந்தாள். திரும்ப வரவழைக்காமல் அப்படியே அனுப்பிவிட்டாள். காக்கா? பேனாவிலிருந்து மை சிந்தியது. சிந்திய மைக்கு மூக்கும் காலும் வைத்தாள். காக்கா ஆயிற்று.

இதை ஒருவராவது நம்ப வேண்டுமே! ஆரம்பத்தில் பொறுமையாகத்தான் பதில் எழுதினாள். "தம்பி, அது மறதி." உடனே மறுபதில் வரும்: "புரியுதுக்கா. உங்களை மிரட்டி இப்படிச் சொல்ல வெக்கிறாங்க. தைரியமா இருங்க." கோபமாக எழுதினால், "பாருங்க, எவ்வளவு பயப்படறாங்க." ஒன்றுமே எழுதாமல் இருந்தால், "அக்காவோட மௌனமே பதில்." எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"உன்னை மாமேதைங்கறாங்க, ஒத்துக்கிட்டுப் போயேன்" என்றார் கணவர். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர்; எதையும் துடைத்துவிட்டுப் பார்க்கிற குணம். "அந்த இடது கை என் கை. என்னைப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை எழுதலை. எனக்கில்ல வருத்தம் இருக்கணும்?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. இருபது வருஷமா வரையறேன். நான் யோசிச்சு யோசிச்சு வெச்ச ஒரு விஷயத்தை ஒரு நாய் கண்டுக்கிட்டதில்லை. கவனிக்காம விட்டதை மட்டும் சல்லடை போட்டுச் சலிக்கிறாங்க!"

அவளுக்கு எரிந்தது அதுதான். சாவைப் பற்றிய பேச்சு கூட இல்லை. தன் வேலையை இத்தனை பேர் இத்தனை உன்னிப்பாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அதுவும் தப்பான இடத்தில்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. இணையத்தில் நேர்காணல் நடத்தும் ஒருவர் கூப்பிட்டார். மூலப் படங்கள், மை சிந்திய தாள், கம்ப்யூட்டர் கோப்பு, துடைப்பத்தோடு நின்ற கணவர் என எல்லாவற்றையும் கேமரா முன்னால் காட்டிவிடலாம் என்றார். சனிக்கிழமை பதிவு என்று இணையத்தில் அறிவித்தும் விட்டார். ஓவியக்காரி அவர் கூப்பிட்ட அன்றே தாள்களைத் தேடி எடுத்து ஓர் உறையில் போட்டு வைத்தாள். கணவர் புதுத் துடைப்பம் வாங்கலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் வண்டுவே வீட்டுக்கு வந்து நின்றான். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான்.

"அக்கா, உங்களால ஒரு உதவி ஆகணும். எங்கம்மா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"எந்தக் கதவை?"

"வீட்டுக் கதவைத்தான். நான் அவங்க பையன் இல்லையாம். உங்க படத்தைத்தான் சாட்சியாச் சொல்றாங்க." தொப்பியை இன்னும் கீழே இழுத்தான். "வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போறேன். படிக்கட்டுல உட்கார்ந்து கெஞ்சிட்டு வர்றேன். ஊர்ல எவன் வேணா என்னைப் பொணம்னு சொல்லட்டும்க்கா. எங்கம்மா சொல்லலாமா?"

ஓவியக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முட்டாள்கள் உளறுவது வேறு. பெற்றவள் கதவைச் சாத்துவது வேறு. தான் போட மறந்த ஒரு முள், பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் தாழ்ப்பாளாக விழுந்து கிடக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"மொதல்ல எல்லாம் நல்லாத்தான இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்தோம். அப்போ எனக்கு நேரம் ஏதுக்கா? ஊர் ஊராக் கச்சேரி. வேணுங்கற சாமானை மேனேஜர்கிட்டக் குடுத்து அனுப்பிடுவேன். ஒரு குறை வெச்சதில்ல." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக் கசக்கினான். "நீங்க வரைஞ்சவங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"வா, இப்பவே போவோம்" என்று உறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அம்மா குடியிருந்தது ஒரு பழைய அடுக்குமாடியின் மேல்தளத்தில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வண்டு கடைசிப் படிக்கட்டில், தனக்கென்று ஒதுக்கிய இடம் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டான். ஓவியக்காரி மணியை அடித்தாள். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. கட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, எதிரில் நிற்பவரை மேலும் கீழும் அளக்கிற கண். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் இன்னும் கண்டக்டரம்மாதான்.

"நீதான் படம் போட்ட பொண்ணா? நீ மட்டும் வா. அந்த ஆள் அங்கேயே இருக்கட்டும்."

"அம்மா!" என்றான் வண்டு படியிலிருந்து.

"யாருக்கு யார் அம்மா?" என்று கேட்டு, ஓவியக்காரியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார் கண்டக்டரம்மா.

சின்னக் கூடம். சோபாவும் டிவியும் ஒரு மூலையில் இருந்தன. மேஜையில் அந்தப் பாட்டுப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் அடையாளச் சீட்டு சொருகி, கைபட்டு உப்பிப்போய்க் கிடந்தது. ஓவியக்காரி உறையைப் பிரித்துத் தாள்களைப் பரப்பினாள். மூச்சு விடாமல் சொன்னாள். கண்ணாடியைச் சொன்னாள், துடைப்பத்தைச் சொன்னாள், முள்ளைச் சொன்னாள், மையைச் சொன்னாள்.

கண்டக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"ஒரு கடிகாரம் வரையறவ முள்ளை மறப்பாளா?"

"மறந்துட்டேம்மா."

"டிக்கெட் குடுக்கிறவ டிக்கெட்டை மறப்பாளா?"

"அவசரத்துல வரைஞ்சது!"

"நிழல்?"

"அதுவும் அவசரம்தான்!"

"காக்கா?"

"மை! மை சிந்திடுச்சு! இதோ பாருங்க, தாளுக்குப் பின்னால வரைக்கும் ஊறியிருக்கு!"

"ஊறியிருக்கு, இல்லேங்கலை. ஏன் காக்காவா ஆக்கினே? பூனையா ஆக்கியிருக்கலாமே?"

ஓவியக்காரிக்கு மண்டை காய்ந்துவிட்டது. "எனக்குப் பூனை வராது!" என்று கத்தினாள். "போதுமா? எனக்குப் பூனை வரையத் தெரியாது, அதான் காக்கா! என்னம்மா இது, வெளியில உங்க பையன் உயிரோட, ரத்தமும் சதையுமா உட்கார்ந்திருக்கான். நீங்க என் காக்காவை நம்பறீங்க, அவனை நம்ப மாட்டேங்கறீங்க!"

"நான் பாஸ் பார்த்தவ. போட்டோவையும் மூஞ்சியையும் ஒரு நொடியில ஒத்துப் பார்த்து ஆளை இறக்கிவிட்டவ. எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

கல்லில் முட்டிக்கொள்வது இதைவிட மேல். ஓவியக்காரி தாள்களை வாரி உறைக்குள் திணித்தாள். அப்போதுதான் வெளியிலிருந்து வண்டுவின் குரல் கேட்டது.

"அம்மா, இன்னைக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. சொல்றேன், கேளுங்க. ஸ்கூல் விட்டு உங்க பஸ்லதான் ஏறுவேன். ஒரு நாள் பின் சீட்டுல தூங்கிட்டேன். டிப்போவுல பஸ்ஸைக் கழுவறவர் தண்ணியை ஊத்தினதும் அலறிக்கிட்டு எழுந்தேன். நீங்க விசிலை ஊதிக்கிட்டே ஓடி வந்தீங்க. வாயில விசில் இருக்கறதையே மறந்துட்டு, திட்டத் திட்ட அது பாட்டுக்குக் கத்துச்சு..."

கண்டக்டரம்மா கையை உயர்த்தி ஓவியக்காரியைப் பேசாதே என்று காட்டினார். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு கதவோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார்.

ஓவியக்காரி அந்த நாற்காலியை அப்போதுதான் கவனித்தாள். எந்த வீட்டில் சாத்திய கதவை ஒட்டி நாற்காலி போடுவார்கள்? அதன் மேல் ஒரு மெத்தை, உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் அமுங்கிப்போயிருந்தது. கைக்கெட்டும் இடத்தில் டீ குடித்த தம்ளர். தம்ளருக்குப் பக்கத்தில் மூக்கைத் துடைக்கிற துண்டு. பார்த்து வரைகிற தொழில் அவளுக்கு. நிழலைத்தான் மறப்பாள், பொருளை மறக்க மாட்டாள்.

வண்டு வெளியே பேசி முடித்து, பதில் வராததால் வழக்கம்போல வாய்க்குள் ரீங்காரம் போடத் தொடங்கினான். கண்டக்டரம்மா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் ஓவியக்காரி, மெதுவாக.

"கத்தாதே."

"நான் கத்தலை. உங்களுக்கு அது உங்க பையன்னு தெரியும்."

"அட, பெத்தவளுக்குத் தெரியாதா?" கண்டக்டரம்மா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆஸ்பத்திரியில மூஞ்சி பூராக் கட்டோட பார்த்ததுதான். அங்கேர்ந்து வந்தப்போ ஒரு நிமிஷம் திக்குன்னுதான் இருந்துச்சு. பல்லெல்லாம் வேற. கேமராக்காரங்களோட வந்தான், அம்மாவைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி எடுத்துக்கிட்டு உடனே கிளம்பினான். ஆனா செருப்பை மாட்டும்போது அந்தப் பழைய ரீங்காரத்தை முனகினான் பாரு, அதுக்கு மேல என்ன வேணும்?"

"அப்புறம் எதுக்கும்மா இந்தக் கூத்து?"

"கீழ்வீட்டுக்காரி மறுநாள் ஃபோன்ல எதையோ காட்டி, 'இது நிஜமாவே உங்க பையன்தானா'ன்னு கேட்டா. எனக்கு இருந்த எரிச்சல்ல, 'யாருக்குத் தெரியும், என் பையனா இருந்தா வீட்டுக்கு வந்திருப்பானே'ன்னுட்டேன். அது எப்படியோ அவன் காதுக்குப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே ஓடி வந்தான். மேனேஜர் இல்ல, கேமரா இல்ல, தனியா வந்தான். கதவைத் தட்டித் தட்டி, 'நான்தாம்மா, நான்தாம்மா'ன்னான்." துண்டை மடித்து மடியில் வைத்தார். "அவன் பெரிய ஆளானதுலேர்ந்து அப்படி வந்ததே இல்ல. நான் திறக்கத்தான் எழுந்தேன். திறந்தா என்ன ஆகும்? டீ குடிப்பான், வாட்சைப் பார்ப்பான், போயிடுவான். அப்புறம் அடுத்த வருஷம்தான். உட்கார்ந்துட்டேன்."

ஓவியக்காரி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கான்னு நம்பினப்போ வருஷத்துக்கு ஒரு தடவை வந்தான். செத்துட்டான்னு சொன்னதும் வாரா வாரம் வர்றான். வந்து ஒரு ஞாபகத்தைச் சொல்றான். டிப்போ கதை எனக்கே மறந்துபோச்சு தெரியுமா? எங்கேயோ உட்கார்ந்து என்னை யோசிச்சு யோசிச்சு எடுத்துட்டு வர்றான்." கண்டக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை நீ எங்கேயோ போய் எல்லாத்தையும் விளக்கப் போறியாமே. போன வாரம் படியில உட்கார்ந்து அவன்தான் சொன்னான். போகாதே கண்ணு. நீ சொல்லி ஊரே நம்பிட்டா, நான் மட்டும் எப்படி நம்பாம இருக்கறது? ரெண்டு வாட்டி தலையைக் காட்டுவான், அவ்வளவுதான்."

"என் பேரு நாறிக்கிட்டு இருக்கே, அது பரவாயில்லையா?" என்று ஓவியக்காரி பொரிந்தாள். "தினம் எழுந்தா எவனாவது என்னைக் கேள்வி கேக்கறான். நான் பொய் சொல்றேங்கறான். எவ்வளவு நாளா இந்தச் சனிக்கிழமைக்குக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

"நாறுதா? உன்னை அறிவாளின்னுதான எழுதறாங்க?"

"நான் அறிவாளி இல்ல! மறதிக்காரி!"

"அது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார் கண்டக்டரம்மா.

கதவுக்கு அப்பால் வண்டு இருமினான். பிறகு, "அக்கா, என்ன சொல்றாங்க?" என்று கேட்டான். பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பிள்ளையின் குரல். கண்டக்டரம்மாவின் பிடி இறுகியது. டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன விரல்கள். வெளியில் கேட்காதபடி, "கடைசி வரைக்கும் இல்ல. கொஞ்ச நாள். பழக்கமாகட்டும். அப்புறம் நானே திறக்கறேன்" என்றார்.

ஓவியக்காரி உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வண்டு எழுந்து நின்றான்.

"நம்பிட்டாங்களா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. முட்டாளே, உள்ளே உனக்காக ஒரு நாற்காலி தேய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மென்று விழுங்கினாள்.

"இல்ல."

"எல்லாத்தையும் காட்டினீங்களா?"

"காட்டினேன். கத்தினேன். நான் சொல்றதை யாருப்பா நம்பறாங்க?" இதில் பொய் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே ஆத்திரமாக வந்தது. "பஸ் கதையைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அடுத்த வாரம் இன்னொண்ணு யோசிச்சுட்டு வா. இன்னும் பழசா, இன்னும் சரியா. வாரம் தவறாம வா. என்னைக்காவது திறப்பாங்க."

அவன் தலையாட்டினான். கீழே இறங்கும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேர்காணல்காரரைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொன்னாள். ஒரு மணி நேரத்துக்குள் செய்தி பரவிவிட்டது: 'அக்காவோட வாயை அடைச்சுட்டாங்க!' அவள் ஃபோனைச் சோபாவில் விட்டெறிந்தாள். கணவர் காரணம் கேட்டார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மழைக்காலம் வந்தபோது வண்டுவின் அடுத்த தொகுப்புக்கும் படம் கேட்டார்கள். "இந்தத் தடவை நானே வந்து உட்கார்றேன்க்கா, பார்த்து வரைங்க. நிழல், முள்ளு, எல்லாம் ஒழுங்கா இருக்கட்டும். அம்மாவும் மனசு மாறலாம்" என்றான் வண்டு.

"எப்ப வருவே?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை உனக்குப் படிக்கட்டு இருக்குல்ல? அங்க போ. எனக்கு ஆள் இருக்கு."

ஆள், துடைப்பத்தோடு அலமாரிக் கண்ணாடிக்கு எதிரில் நின்றார். "இந்த வாட்டியாவது திருப்பிப் போட மறந்துடாதே" என்றார்.

"பேசாம நில்லுங்க. கை ஆடுது."

அவள் கண்ணாடியில் தெரிந்த இடது கையை அப்படியே வரைந்தாள். பின்னால் சுவர், சுவரில் ஒரு வட்டக் கடிகாரம், எண்கள் எல்லாம் சுத்தமாக. முள் போடவில்லை. கணவர் அதை அலமாரிக் கண்ணாடியில் பார்த்தார். துடைப்பத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக ஜன்னல். மைக்குப்பியைத் தள்ளி வைத்து, பேனாவை நன்றாக உதறித் துடைத்துக்கொண்டு, ஓவியக்காரி ஜன்னல் கட்டையில் ஒரு காக்காவை உட்கார வைத்தாள். இந்தத் தடவை மை எங்கேயும் சிந்தவில்லை.